ஹென்ரிக் வியெனியாவ்ஸ்கி: வயலின் மேதை, ஆசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய வயலின் கற்கிறவர்களும் கேட்கிறவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பெயரில் வந்து முட்டிக்கொள்வார்கள். தேர்வுப் பாடத்திட்டத்தில் இவருடைய மஸுர்கா (போலந்து நடன மெட்டு) ஒன்று இருக்கும், இல்லையென்றால் யூடியூபில் யாரோ ஒரு சின்னப் பெண் கண்மூடித் திறப்பதற்குள் நூறு சுரங்களை வாரி இறைத்துக்கொண்டிருப்பாள், கீழே இவர் பெயர் இருக்கும். அப்புறம் கேள்விகள் வரும். அப்படி வருகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவரை மேடையில் வித்தை காட்டிய ஆளாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும், அவருக்குள் இருந்த ஆசிரியரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

போலந்தின் லுப்ளின் நகரத்தில் 1835 ஜூலை 10 அன்று பிறந்து, 1880 மார்ச் 31 அன்று மாஸ்கோவில் இறந்த வயலின் கலைஞர். வாழ்ந்தது 44 வருடம்தான். அதற்குள் பாரிஸில் படிப்பு, ஐரோப்பா முழுக்கக் கச்சேரிகள், ரஷ்யப் பேரரசரின் சபையில் 12 வருடம், அமெரிக்காவில் 2 வருடம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் பிரஸ்ஸல்ஸிலும் ஆசிரியப் பணி. எழுதி வைத்துப்போனது இரண்டு கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் பெரிய உருப்படி), பொலோனைஸ் என்ற இன்னொரு போலந்து நடன வகை, மஸுர்கா, சில பயிற்சித் தொகுப்புகள். ஓபஸ், அதாவது படைப்பு வரிசை எண், இட்டவை இரண்டு டஜன்தான் தேறும். ஆனால் அதில் பெரும்பகுதி இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது.

போலந்துக்காரர் என்கிறீர்கள், ஆனால் அப்போது போலந்து என்ற நாடே இல்லையே?

உண்மை. 1795 முதல் 1918 வரை வரைபடத்தில் சுதந்திரப் போலந்து கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன, லுப்ளின் ரஷ்யப் பேரரசர் கையில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால்தான் சில விஷயங்கள் புரியும். ரஷ்யப் பேரரசருக்கு வாசிப்பதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. 1863-ல் போலந்துக்காரர்கள் அதே பேரரசருக்கு எதிராக எழுந்து நின்று ஒடுக்கப்பட்டபோது அவர் பீட்டர்ஸ்பர்க்கில்தான் இருந்தார். அதே ஆள் விடாமல் பொலோனைஸும் மஸுர்காவும் எழுதிக்கொண்டிருந்தார், அதாவது தன் மக்களின் நடனங்களை. அரசியல் அறிக்கை என்று அவற்றைச் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே உட்கார்ந்து எதை எழுதினார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

குடும்பம் இசைக் குடும்பமா?

அப்பா மருத்துவர். யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கராக மாறியவர், குடும்பப் பெயரை லுப்ளினை ஒட்டிய வியெனியாவா என்ற பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டார். இசை அம்மா வழியாக வந்தது. ரெகினா வோல்ஃப் முறையாகப் பயின்ற பியானோ கலைஞர், அவருடைய தம்பி எட்வார் வோல்ஃப் பாரிஸில் பியானோ கலைஞராகப் பெயர் வாங்கியவர். பாரிஸில் ஒரு மாமா இருந்தது பிற்பாடு ரொம்ப உதவியிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஹென்ரிக்கின் தம்பி யூசெஃப் பியானோ வாசித்தார், அவரும் பெரிய கலைஞர் ஆனார்.

ஆரம்ப ஆசிரியர்களில் ஒருவர் ஸ்டனிஸ்லாவ் செர்வச்சின்ஸ்கி. இவர்தான் புடாபெஸ்டில் இருந்த காலத்தில் யோசெஃப் யோவாகிம் என்ற சிறுவனுக்கும் முதல் பாடம் எடுத்தவர். யோவாகிம் பிற்பாடு ஜெர்மனியின் தலைசிறந்த வயலின் கலைஞர் ஆனார், வியெனியாவ்ஸ்கிக்கு நெருங்கிய நண்பரும் ஆனார். ஒரே ஆசிரியரின் கையில் தவழ்ந்த இரண்டு பிள்ளைகள் அந்த நூற்றாண்டின் இரண்டு பெரிய வயலின்களாக வளர்ந்திருக்கிறார்கள். செர்வச்சின்ஸ்கியின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

எட்டு வயதில் பாரிஸ் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) எப்படிச் சேர்த்தார்கள்?

விதிவிலக்குக் கொடுத்துத்தான். வெளிநாட்டுப் பிள்ளை, வயதும் போதாது. இருந்தும் வாசிப்பைக் கேட்டுவிட்டு 1843-ல் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றே வருடத்தில், 1846-ல், 11 வயதில் வயலினில் முதல் பரிசு. வகுப்பில் கூடப் படித்தவர்கள் பலர் அவரைவிட ரொம்ப மூத்தவர்கள்.

அங்கே யாரிடம் படித்தார்?

லம்பேர் மஸார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியெனியாவ்ஸ்கி என்ற ஆசிரியர் உருவானது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். மஸார் பெல்ஜியத்தின் லியேஜ் ஊர்க்காரர், ருடோல்ஃப் க்ரூட்ஸரின் மாணவர். நல்ல கலைஞர், ஆனால் மேடை என்றால் கூச்சம், அதனால் வாழ்க்கையையே வகுப்பறைக்குக் கொடுத்துவிட்டார். க்ரூட்ஸர் எழுதிய பயிற்சிப் பாடங்கள் இருக்கின்றனவே, வயலின் கற்கும் எல்லோரும் தேய்த்துத் தேய்த்துப் பழகுகிற பாடங்கள், அவற்றை மாணவர்களை எண்ணற்ற வில் வீச்சு வகைகளில் வாசிக்கவைப்பார். பாடம் ஒன்றுதான், அதையே பிரித்து வாசி, சேர்த்து வாசி, வில்லின் நுனியில் வாசி, அடியில் வாசி என்று. வலது கையில் எந்த அசைவும் அந்நியமாக இல்லாமல் போகும்வரை விடமாட்டார்.

நாற்பது வருடம் கழித்து இதே மஸாரிடம் இன்னொரு சின்னப் பையன் படித்து 1887-ல் 12 வயதில் முதல் பரிசு வாங்கினான், அவன்தான் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர். இடது கையின் நடுக்கம், அதாவது விப்ராட்டோ, வியெனியாவ்ஸ்கி கையில்தான் அதுவரை இல்லாத தீவிரத்துக்குப் போனது என்று பிற்காலத்தில் சொன்னவர் கிரைஸ்லர். வியெனியாவ்ஸ்கி இறந்தபோது கிரைஸ்லருக்கு ஐந்து வயதுதான், அதனால் நேரில் கேட்டு ஒப்பிட்டுச் சொல்லியிருக்க வழியில்லை. மஸாரிடமிருந்து கேட்டதாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே அதைச் சாட்சியமாக எடுக்காமல் ஒரு வகுப்பறையில் தலைமுறை தாண்டி வந்த பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் என்ன செய்தார்?

ஊர் ஊராகப் போனார், வேறென்ன. 1851-லிருந்து 1853 வரை தம்பி யூசெஃப்புடன் ரஷ்யா முழுக்கச் சுற்றி சுமார் 200 கச்சேரிகள். அண்ணனுக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பதினான்கு. ரயில் பாதை அதிகம் இல்லாத காலம், ரஷ்யக் குளிர், குதிரை வண்டி. இதற்கு நடுவிலேதான் முதல் கான்செர்ட்டோவை எழுதி, 1853 அக்டோபரில் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் தானே வாசித்தார். அப்போது அவருக்கு வயது 18.

முதல் கான்செர்ட்டோவை ஏன் அதிகம் கேட்க முடிவதில்லை?

கஷ்டம், அவ்வளவுதான். எஃப் ஷார்ப் மைனரில் எழுதியது, வயலினுக்கு வசதியான சுருதி இல்லை. தனி வயலின் நுழையும்போதே எட்டாம் இடைவெளியிலும் பத்தாம் இடைவெளியிலும் இரண்டு தந்திகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பத்தாம் இடைவெளி என்றால் சுண்டுவிரல் ஒரு கோடியிலும் ஆள்காட்டி விரல் மறுகோடியிலும் நீண்டு நிற்கும், சின்னக் கைக்காரர்கள் வலியில்லாமல் பிடிக்கவே பழகிக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் தன்னால் முடிந்ததை எல்லாம் ஊருக்குக் காட்டிவிட வேண்டும் என்று எழுதியது. நடுவில் ‘பிரார்த்தனை’ என்று பெயரிட்ட சின்ன மெதுவான பகுதி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பிற்காலத்து வியெனியாவ்ஸ்கி அங்கே எட்டிப் பார்ப்பார்.

‘லெஜண்ட்’ வாசித்துத்தான் பெண் கேட்டாராமே, உண்மையா?

ஊரெல்லாம் சொல்கிற கதை இது. 1850-களின் கடைசியில் லண்டனில் இருந்தபோது இசபெல்லா ஹாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் காதலித்தார், பெண் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை, நாடோடிக் கலைஞனுக்கு யார் பெண் கொடுப்பார்கள். இவர் ‘லெஜண்ட்’ எழுதி வாசித்ததைக் கேட்டதும் மனம் மாறிவிட்டார்கள் என்பது கதை. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: அது அவருடைய ஓபஸ் 17, இசபெல்லாவுக்குச் சமர்ப்பணம், கல்யாணம் 1860-ல் நடந்தது. ஏழெட்டு நிமிட உருப்படி, ஆரம்பத்தில் வயலின் யாரையும் அவசரப்படுத்தாமல், கெஞ்சாமல், தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கும். அதைக் கேட்டால் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

லண்டன் நாட்களைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி வேறு. அங்கே பீத்தோவன் நால்வர் இசையை வாசிக்க ஒரு குழு சேர்ந்தது: யோவாகிம், ஹைன்ரிஹ் எர்ன்ஸ்ட், செல்லோவில் அல்ஃப்ரெடோ பியாட்டி, அப்புறம் வியெனியாவ்ஸ்கி. இதில் வியெனியாவ்ஸ்கி வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வயோலா வாசித்தார். ஐரோப்பாவே கொண்டாடும் தனி வயலின் வித்வான், நால்வரில் யார் காதிலும் முதலில் விழாத நடுக்குரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பீட்டர்ஸ்பர்க்கில் என்ன செய்தார்? அங்கேதான் ஆசிரியர் ஆனாரா?

ஆமாம். பியானோ மேதை ஆன்டன் ரூபின்ஸ்டைன் ரஷ்யாவில் இசைக் கல்வியை அடியிலிருந்து கட்டியெழுப்ப நினைத்தார். (இருபதாம் நூற்றாண்டின் ஆர்தர் ரூபின்ஸ்டைன் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் அழைத்து, 1860-ல் வியெனியாவ்ஸ்கி பேரரசரின் தனி வயலின் கலைஞராகப் போனார், 1872 வரை அங்கேதான். கூடவே ரஷ்ய இசைச் சங்கத்தின் நால்வர் குழுவை முன்னின்று நடத்தினார். 1862-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரி தொடங்கியதும் அங்கே முதல் வயலின் பேராசிரியர்.

அவருடைய வாழ்க்கையில் இந்த வருடங்கள்தான் உச்சம் என்பது என் கணிப்பு. ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தார், வீடு இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். இரண்டாம் கான்செர்ட்டோ இங்கே பிறந்தது. இரண்டு வயலின்களுக்கான ஓபஸ் 18 பயிற்சிகள் இந்தக் காலத்தில் வந்தவை. மேடையில் கைதட்டல் வாங்குவதற்கு எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறது: சுரங்கள் குறைந்திருக்காது, ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குக் காரணம் இருக்கும்.

கன்சர்வேட்டரியில் 1868 வரை இருந்தார். அவர் விட்ட இடத்துக்கு வந்தவர் லியோபோல்ட் ஆவெர், அடுத்த கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்த நாற்காலியில் இருந்து மிஷா எல்மன், எஃப்ரெம் ஸிம்பலிஸ்ட், யாஷா ஹைஃபெட்ஸ் என்று ஒரு படையையே உருவாக்கினார்.

அப்படியானால் ரஷ்ய வயலின் பாணிக்கு இவர்தான் தந்தையா?

அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆவெர் ஹங்கேரிக்காரர், யோவாகிமிடம் படித்தவர், வியெனியாவ்ஸ்கியின் மாணவர் கிடையாது. பாணி என்பது ஒரே ஆளிடமிருந்து வருவதும் இல்லை. ஆனால் வில் பிடிக்கும் முறையில் ஒரு தொடர்பு பேசப்படுகிறது. ஆள்காட்டி விரலை நுனியில் வைக்காமல் இன்னும் உள்ளே தள்ளி, இரண்டாம் கணுவை ஒட்டி வில்லின்மேல் சாய்த்து, முழங்கையைச் சற்று உயர்த்திப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் கையின் எடை அந்த விரல் வழியாகத் தந்திக்குள் இறங்கும், ஓசை கனமாக வரும். இதை ‘ரஷ்யப் பிடி’ என்று பிரபலப்படுத்தியவர் ஆசிரியர் கார்ல் ஃப்ளெஷ். வியெனியாவ்ஸ்கி இப்படித்தான் பிடித்தார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து எப்படிப் பரவியது, ஆவெரின் மாணவர்களிடம் எப்படி வந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. விதை அவருடையதாக இருக்கலாம், பயிராக்கியது ஆவெரின் வகுப்பு, இதுதான் நியாயமான தீர்ப்பாக எனக்குப் படுகிறது.

அவருடைய ஸ்டக்காட்டோ ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

ஸ்டக்காட்டோ என்றால் ஒரே வில் வீச்சில், திசை மாற்றாமல், ஒவ்வொரு சுரத்தையும் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பது. பத்து இருபது முப்பது சுரங்கள் ஒரே இழுப்பில், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் மணிக்கட்டைத் தளர்த்து என்பார்கள். வியெனியாவ்ஸ்கி நேர்மாறாகச் செய்தார், மணிக்கட்டை இறுக்கிவிட்டு மேற்கையிலிருந்து அதை எடுத்தார், அந்த விறைப்பே வேகத்தைக் கொடுத்தது என்று ஆவெர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தன்னைப்போல் ஒரு வழியை மாணவனுக்குத் திணிக்கக் கூடாது, கைக்குக் கை உடல் அமைப்பு மாறும் என்று ஆவெர் விளக்க வந்த இடத்தில் வருகிற உதாரணம் அது. வீட்டில் முயற்சி செய்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இரண்டாம் கான்செர்ட்டோவை எப்படிக் கேட்பது?

டி மைனர். 1862 நவம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் ரூபின்ஸ்டைன் இசைக்குழுவை நடத்த, வியெனியாவ்ஸ்கியே முதலில் வாசித்தார். பிற்பாடு ஸ்பெயினின் பாப்லோ டி சரசாத்தேவுக்குச் சமர்ப்பித்தார். மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், மூன்று பகுதி.

முதல் பகுதியில் இசைக்குழு அமைதியிழந்த ஒரு மெட்டைத் தொடங்கும், பிறகு கொம்பு வாத்தியம் ஒரு இனிமையான இரண்டாம் மெட்டைச் சொல்லும். தனி வயலின் வந்ததும் இந்த இரண்டையும் எடுத்து வளர்க்கும். முதல் கான்செர்ட்டோவில் நுழைந்த மாதிரி கதவை உடைத்துக்கொண்டு நுழையாது. நான் கவனிக்கச் சொல்வது முதல் பகுதியின் முடிவை. வழக்கமாக இந்த இடத்தில் தனிக் கலைஞர் முதல் மெட்டுகளை எல்லாம் மறுபடி வாசித்து, தன் சாமர்த்தியத்தைக் காட்டி, பெரிய சத்தத்தோடு முடித்துக் கைதட்டல் வாங்குவார். இங்கே அது நடக்காது. இசைக்குழு எழும்பித் தணியும், கிளாரினெட் ஒன்று தனியாகப் பேசும், அது பேசி முடிப்பதற்குள் நீங்கள் இரண்டாம் பகுதியான ரொமான்ஸுக்குள் வந்துவிட்டிருப்பீர்கள். கைதட்ட இடைவெளியே கிடையாது. கைதட்டலால் பிழைத்த ஒரு கலைஞர் தானே விரும்பி அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

ரொமான்ஸ் நேரடியான பாட்டு, ஒரு மூச்சில் பாடுவது போல. மூன்றாம் பகுதி ஜிப்ஸி பாணியில் ஓட்டம், நடுவில் முதல் பகுதியின் மெட்டுகள் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். ஹைஃபெட்ஸின் பதிவில் தொடங்குங்கள், அப்புறம் இட்ஸாக் பெர்ல்மன். முன்னவர் கத்தி, பின்னவரிடம் சதை அதிகம். எனக்கு ரொமான்ஸுக்குப் பெர்ல்மன்தான்.

அமெரிக்கப் பயணம் பற்றி?

1872 செப்டம்பரில் ரூபின்ஸ்டைனும் அவரும் நியூயார்க்கில் தொடங்கினார்கள். பியானோ நிறுவனமான ஸ்டைன்வே பின்னால் இருந்தது. சுமார் எட்டு மாதத்தில் 215 கச்சேரிகள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட தினமும் ஒன்று, சில நாள் இரண்டு ஊர்கூட. இருவரும் மேடையில் சேர்ந்து பீத்தோவனின் ‘க்ரூட்ஸர் சொனாட்டா’வை வாசிப்பார்கள், மேடையை விட்டு இறங்கினால் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்கிற அளவுக்கு உறவு கசந்துபோனது.

ரூபின்ஸ்டைன் தன் நினைவுக் குறிப்பில் ஒன்று சொல்கிறார்: பீட்டர்ஸ்பர்க்கில் உடம்பு சரியில்லை என்று அடிக்கடி வராமல் போகிற வியெனியாவ்ஸ்கி, அமெரிக்காவில் எவ்வளவு முடியாமல் இருந்தாலும் ஒரு கச்சேரியைக்கூட விட்டதில்லை, விட்டால் ஒப்பந்தப்படி பெரிய தொகை அபராதம். படிக்கும்போது முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு வருவதில்லை. இதயம் பழுதாகிக்கொண்டிருந்த ஒருவரைப் பணம் கட்டி மேடை ஏற்றிய கதை இது. ரூபின்ஸ்டைன் 1873-ல் திரும்பிவிட்டார், இனிமேல் இப்படி ஒரு பயணத்துக்கு ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்று முடிவும் செய்துவிட்டார். வியெனியாவ்ஸ்கி இன்னும் ஒரு வருடம் அங்கேயே தங்கி, பாடகி பாலின் லுக்காவோடு சேர்ந்து சுற்றினார்.

சூதாடிப் பணத்தைத் தொலைத்தார் என்கிறார்களே?

சூதாடினார், கடன்பட்டார். அதை மறைக்கத் தேவையில்லை. மேலும் மேலும் கச்சேரி ஒப்புக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

பிரஸ்ஸல்ஸில் எவ்வளவு காலம் கற்பித்தார்?

1875 முதல் 1877 வரை. பெல்ஜியத்தின் பெரிய வயலின் ஆசிரியர் ஆன்ரி வியூத்தாம் 1873-ல் பக்கவாதத்தால் வாசிக்க முடியாமல் போனார். அந்த இடத்துக்கு வியெனியாவ்ஸ்கியை அழைத்தார்கள். அங்கே அவரிடம் படித்தவர் யூஜீன் இஸாயி. ஆறு தனி வயலின் சொனாட்டாக்களை எழுதியவர், இருபதாம் நூற்றாண்டு வயலினின் வாசலில் நிற்பவர். அப்போது இஸாயி பதின்மவயதுப் பையன்.

இரண்டு வருடம் என்பது ஆசிரியப் பணியில் ஒன்றுமே இல்லை. இவர் ஆவெர் மாதிரி ஐம்பது வருடம் ஒரே வகுப்பில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. ஆனால் மறுபடி மேடைக்குத்தான் போனார்.

பெர்லின் மேடையில் என்ன நடந்தது?

1878 நவம்பர். இரண்டாம் கான்செர்ட்டோவைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். உடம்பு கனத்திருந்தது, இதய நோய் முற்றியிருந்தது, மூச்சு வாங்கியது. நடுவில் வாசிக்க முடியாமல் நிறுத்த வேண்டியதாயிற்று, அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். சபையில் யோவாகிம் இருந்தார். அவர் எழுந்து மேடைக்குப் போய் நண்பருடைய வயலினை எடுத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் ‘ஷாக்கோன்’ வாசித்தார். கான்செர்ட்டோவைத் தொடர முயலாமல், துணை வாத்தியமே தேவைப்படாத தனி வயலின் உருப்படி. உள்ளே படுத்திருந்த வியெனியாவ்ஸ்கி அதைக் கேட்டு எழுந்து வந்து சபை முன்னாலேயே அவரைக் கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

இதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். இன்னொரு ரஷ்யப் பயணத்துக்குக் கிளம்பினார்.

எப்படி இறந்தார்?

அந்தப் பயணத்தில்தான் படுத்தார். மாஸ்கோவில் மருத்துவமனையில் கிடந்தவரை 1880 பிப்ரவரியில் நடேஷ்டா ஃபான் மெக் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டார். சாய்கோவ்ஸ்கிக்கு வருடக்கணக்கில் பணம் அனுப்பி ஆதரித்த அதே பெண்மணி. மார்ச் 31 அன்று அங்கேயே உயிர் போனது. வார்சாவின் பொவான்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அப்போது அவருடைய கடைசி மகள் ரெஜீனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து போல்டோவ்ஸ்கி என்ற பெயரில் பாடல்களுக்கு இசையமைத்தார், பால் வெர்லேனின் கவிதைகளுக்கு அவர் அமைத்தவை தேடிக் கேட்கத்தக்கவை. அப்பாவின் நிழல் அவற்றில் துளியும் இல்லை.

அவர் வாசித்த பதிவு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்காது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877-ல். கொஞ்சம் தள்ளிப் பிறந்திருந்தால் கேட்டிருப்போம். மாணவர் இஸாயியின் பதிவுகள் 1912-ல் அமெரிக்காவில் எடுத்தவை இருக்கின்றன, அதில் ஆசிரியருடைய மஸுர்காவும் ஒன்று. இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும். வியெனியாவ்ஸ்கிக்கு நாம் போகக்கூடிய மிகக் கிட்டத்து இடம் அதுதான்.

வியெனியாவ்ஸ்கி போட்டி என்பது என்ன?

அவர் பிறந்த நூற்றாண்டுக்கு, 1935-ல் வார்சாவில் தொடங்கியது. முன்னின்றவர் அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ஆடம் வியெனியாவ்ஸ்கி. முதல் போட்டியின் முடிவை இன்றைக்கும் பேசுவார்கள்: பிரான்ஸின் ஜினெத் நெவூ, 15 வயது, முதல் இடம். சோவியத்தின் டேவிட் ஓய்ஸ்ட்ராக், ஏற்கெனவே கைதேர்ந்த கலைஞர், இரண்டாம் இடம். நெவூ 1949-ல் விமான விபத்தில் 30 வயதில் இறந்துவிட்டார். ஓய்ஸ்ட்ராக்கின் மகன் ஈகோர் 1952-ல் இதே போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அந்த வருடத்திலிருந்து போட்டி போஸ்னான் நகரத்தில் நடக்கிறது, பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2011-ல் தென்கொரியாவின் சோயங் யூன், 2022-ல் ஜப்பானின் ஹினா மயேதா வென்றார்கள். போஸ்னானில் வயலின் செய்பவர்களுக்கும் அவர் பெயரிலேயே தனிப் போட்டி உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

வெறும் வித்தைக்காரர், ஆழமில்லை என்று சிலர் ஒதுக்குகிறார்களே?

எல்லாமே ஆழம் என்று வாதாட மாட்டேன். குனோவின் ‘ஃபாஸ்ட்’ ஓபரா மெட்டுகளை வைத்து எழுதிய கற்பனை, ரஷ்யப் பாட்டை வைத்து எழுதிய ‘மாஸ்கோ நினைவு’ இரண்டும் அந்தக் காலச் சபைக்காக எழுதியவை, நன்றாக வாசித்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வித்தை என்ற சொல்லோடு நிறுத்துகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்: அவர் கண்டுபிடித்த கஷ்டங்கள் எல்லாம் கைக்குப் பொருந்தும். இத்தாலிய வயலின் மேதை பகனினி எழுதியதை வாசிக்கும்போது கை சில இடங்களில் இயற்கைக்கு மாறாகத் திருகும். வியெனியாவ்ஸ்கி ஒரு கஷ்டத்தைக் கொடுத்தால், சரியான வில் பகுதியும் சரியான விரலும் கண்டுபிடித்த நிமிடம் அது வழிவிடும். மாணவனின் கையைக் கவனித்துப் பழகிய ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். ‘ஓபெர்டாஸ்’ மஸுர்காவை எடுத்துக்கொள்ளுங்கள், திறந்த தந்திகளை இரண்டிரண்டாக இழுத்து, கிராமத்துப் பிடில்காரர் மாதிரி தொடங்கும், இடது கை விரலால் தந்தியைத் தெறிக்கவும் வேண்டும். இரண்டே நிமிடம். அதற்குள் தாளமும் வில் எடையும் இடது கைச் சுதந்திரமும் பாடமாக வந்துவிடுகின்றன, கேட்பவருக்கு அது பாடம் என்று தெரியவே தெரியாது.

நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், எதில் தொடங்கலாம்?

க்ரூட்ஸர் பாடங்கள் முடித்து, மூன்றாம் ஐந்தாம் நிலைகளில் கை பயமில்லாமல் நகர்கிறது என்றால் ஓபஸ் 19 மஸுர்காக்களை எடுங்கள். அடுத்து ‘லெஜண்ட்’, விரல் கஷ்டம் மிதம், ஆனால் வில்லை நீளமாக, சீராக இழுக்கத் தெரிய வேண்டும், நடுப்பகுதியில் இரட்டைத் தந்திகளில் சுருதி விலகாமல் இருக்க வேண்டும். ‘ஸ்கெர்ட்ஸோ-டரண்டெல்லா’ வேகத்துக்காக ஆசைப்பட்டு எடுக்கிறவர்கள் நிறைய, மெதுவாக வாசித்தால் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேகத்தைத் தொட வேண்டும். கான்செர்ட்டோ என்றால் இரண்டாவதுதான் முதலில்.

ஓபஸ் 10 என்ற ‘நவீனப் பள்ளி’யைத் தனியாக வைத்துக்கொண்டு போராட வேண்டாம். ஒவ்வொரு பயிற்சிக்கும் அவரே ஒரு பெயர் வைத்திருக்கிறார், ஸ்டக்காட்டோ, ஆர்பெஜியோ, வேகம் என்று, எது எதற்கு என்று அதிலேயே தெரியும், ஆனால் கை முழுக்கத் தேறிய பிறகு தொட வேண்டியவை. அதற்கு முன் ஓபஸ் 18. மொத்தம் எட்டு, இரண்டு வயலின்களுக்கு. முதல் வயலினில் மாணவர், இரண்டாவதில் ஆசிரியர் என்று வாசித்தால் எப்படி எழுதினாரோ அப்படியே இருக்கும். இரண்டாவது குரல் எளிமையாகத் தெரிந்தாலும் சுருதிக்கும் தாளத்துக்கும் அதுதான் பிடிமானம், அதை ரெக்கார்டில் போட்டுவிட்டு மேலே வாசிப்பதைவிட, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வாசிக்கும்போது மூச்சு விடுமிடம் தானாகப் பிடிபடும். நான்காவதில் தொடங்குங்கள், ஏ மைனர், இத்தாலிய நடனத் துள்ளல், கிரைஸ்லர் வயலினுக்கும் பியானோவுக்குமாக மாற்றி எழுதியதும் அதைத்தான். பிறகு இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொண்டு ஒருமுறை வாசியுங்கள்.